குளக்கட்டைப் பேணுதல்: ஊர் திரும்பிய குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

வன்னியில் ஒரு கிராமம் மீளக் குடியேறும்போது முதலில் வீடு, கிணறு, மலசலகூடம் பற்றிப் பேசுகிறோம். அதற்கு அடுத்தபடியாக எல்லோரும் கேட்பது குளத்தைப் பற்றித்தான். ஆறு மாத உலர் உணவு நின்ற பிறகு குடும்பத்தைக் காப்பாற்றப் போவது வயல். வயலைக் காப்பாற்றப் போவது குளம். குளத்து நீரைத் தாங்கி நிற்பது வெறும் மண்ணால் ஆன ஒரு கட்டு.

இடம்பெயர்ந்திருந்த ஆண்டுகளில் அந்தக் கட்டில் யாரும் நடக்கவில்லை. புற்றெழுந்தது, மரம் முளைத்தது, எலியும் உடும்பும் வளை தோண்டின. தூரத்திலிருந்து பார்த்தால் கட்டு முன்புபோலவே தெரியும். உள்ளே அது பழைய கட்டு அல்ல. ஆகவே இக்கட்டுரை சொல்ல வரும் முக்கியமான செய்தி இது: முதல் மாரிக்கு முன்பு கட்டு முழுவதையும் நடந்து பாருங்கள். பார்த்துத் திருத்தாமல் குளத்தை முழு மட்டத்துக்கு நிரப்பாதீர்கள்.

இக்கையேட்டைப் படிப்பவர்களில் பலர் குளத்தோடு பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு இதில் பல தெரிந்த விடயங்களே. வேறு பலர் மலையகத்திலிருந்து வந்தவர்கள். 1970களில் தோட்டங்களில் ஏற்பட்ட பட்டினியாலும் 1977, 1983 வன்செயல்களாலும் கண்டி, மாத்தளை, நுவரெலியா பக்கங்களிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து, காடு வெட்டிக் குடியேறியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இன்று பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற கிராமங்களில் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து இப்போதுதான் முதன்முறையாகச் சொந்த ஊரைப் பார்க்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இவர்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறோம்.

இதை எழுதும் நான் கண்டி மாவட்டத்தில் தெல்தோட்டையைச் சேர்ந்தவள். எங்கள் பக்கத்தில் குளம் இல்லை, சரிவுதான். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் அருகிலேயே இருக்கிறது. மலையில் மழைநீரை எவ்வளவு விரைவாகவும் பத்திரமாகவும் இறக்கி விடுகிறோமோ அவ்வளவு நல்லது. அதற்காகத்தான் தேயிலை மலையில் கான் வெட்டுகிறார்கள். கான் அடைபட்டால் தண்ணீர் தானே ஒரு வழி தேடும். மண்ணையும் செடியையும் சேர்த்து இழுத்துப் போகும். குளத்தில் நாம் நீரை இறக்கி விடாமல் தேக்குகிறோம். ஆனால் மிஞ்சிய நீருக்குப் பத்திரமான ஒரு வழி வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. மலையில் கான் செய்யும் வேலையைக் குளத்தில் வான் செய்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குளம் புரிந்துவிடும்.

கட்டில் கால் வைக்கும் முன்பு

யுத்தக் காலத்தில் உயரமான இடம் என்பதால் பல குளக்கட்டுகளில் பதுங்குகுழிகளும் காவலரண்களும் அமைக்கப்பட்டன. ஆகவே பின்வருவனவற்றைத் தவறாமல் கடைப்பிடியுங்கள்.

- மிதிவெடி அகற்றப்பட்டு, பாவனைக்குக் கையளிக்கப்பட்டது என்று கிராம அலுவலர் அல்லது பிரதேச செயலகம் உறுதி செய்த கட்டில் மட்டும் ஏறுங்கள்.
- மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை, எச்சரிக்கை நாடா, வரிசையாக நட்ட தடிகள் உள்ள பக்கம் போகாதீர்கள். பலகையைக் கழற்றி வேறு தேவைக்கு எடுக்காதீர்கள்.
- தோண்டும்போது உலோகப் பொருள் எதுவும் தென்பட்டால் தொடாதீர்கள். வந்த வழியே திரும்பி, மற்றவர்களையும் தடுத்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.
- மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.

ஒரு சிறு குளத்தின் உறுப்புகள்

*அலைகரை:* மழைநீர் வடிந்து குளத்துக்குள் வந்து சேரும் மேற்பகுதி. இங்கே காடு அழிந்தால் குளம் சேற்றால் நிரம்பும்.

*கட்டு:* நீரைத் தாங்கும் மண் அணை. அடி அகலமாகவும் மேல் ஒடுக்கமாகவும் இருக்கும். இதற்குக் காரணம் உண்டு. நீரின் அழுத்தம் ஆழத்தோடு கூடுகிறது. 3 மீற்றர், அதாவது ஏறத்தாழ 10 அடி ஆழத்தில், கட்டின் ஒவ்வொரு சதுர மீற்றரையும் ஏறத்தாழ 3 தொன் எடை தள்ளுகிறது. ஆகவே கட்டின் அடியில் யாராவது மண் எடுத்தால் அது மேலே எடுப்பதைவிட ஆபத்தானது.

*துருசு:* வயலுக்கு நீர் விடும் கதவும், கட்டுக்குள் ஊடாகச் செல்லும் குழாயும்.

*வான்:* குளம் நிரம்பிய பின் மிஞ்சும் நீர் வழிந்தோடும் இடம். இது கட்டின் மேல்மட்டத்தைவிடத் தாழ்வாக அமைந்திருக்கும். சிறு குளங்களில் வான் மட்டத்துக்கும் கட்டின் மேல்மட்டத்துக்கும் இடையில் குறைந்தது 3 அடி இருக்க வேண்டும். இந்த 3 அடி வீணாக விட்ட இடமல்ல. பெருமழையின்போது நீர் உயரவும், காற்றில் அலை எழவும் விட்டு வைத்த இடம்.

கட்டு எப்படி உடைகிறது

பெரும்பாலும் மூன்று வழிகள்.

*ஒன்று: நீர் கட்டின் மேலால் பாய்தல்.* வான் அடைபட்டிருந்தாலோ, கட்டில் ஓரிடம் தாழ்ந்திருந்தாலோ நீர் அந்த இடத்தால் வழியும். மண் கட்டு மேலால் பாயும் நீரைத் தாங்காது. வெளிச்சரிவை அரித்துக்கொண்டே உள்நோக்கி வரும். சிறு கட்டு சில மணி நேரத்துக்குள் திறந்துவிடும்.

*இரண்டு: நீர் கட்டின் ஊடாகப் பாய்தல்.* எலி வளை, உக்கிய மரவேர், புற்று, துருசுக் குழாயின் வெளிப்புறம் ஆகியவற்றினூடாக நீர் சிறிதாக ஒழுகத் தொடங்கும். ஒழுகும் நீர் மண்ணையும் இழுத்து வரும். துவாரம் பெருக்கும், நீர் கூடும், மேலும் மண் போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கடைசிக் கட்டம் வரை எதுவும் தெரியாமலும் இருக்கலாம்.

*மூன்று: சரிவு வழுக்குதல்.* ஊறிப்போன மண் தன் பாரத்தாலேயே சரியும். அலை அடித்து உட்சரிவு அரிக்கப்பட்டாலும், நிரம்பிய குளத்தை மிக வேகமாக வற்ற விட்டாலும் இது நடக்கும்.

1986 ஏப்ரல் 20 ஆம் திகதி அதிகாலை 3 மணியளவில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. அது மாரி மழைக் காலம் அல்ல. உறங்கிக்கொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. கந்தளாய் பெரிய குளம். உங்கள் ஊர்க் குளம் சிறியது. ஆனால் கட்டின் கீழே வீடுகள் இருக்குமானால், சிறு குளமும் உயிரைப் பறிக்கப் போதுமானது. அத்துடன் வன்னியில் குளங்கள் தொடர்ச்சியாக அமைந்தவை. மேற்குளத்தின் வான் நீர் கீழ்க்குளத்துக்குப் போகிறது. மேலே ஒன்று உடைந்தால் கீழே உள்ளதும் தாங்க முடியாமல் போகலாம்.

கட்டை நடந்து பார்ப்பது எப்படி

நான்கைந்து பேர் போதும். குளத்தின் பழைய கதை தெரிந்த ஒரு முதியவர் கட்டாயம் இருக்கட்டும். எந்த இடத்தில் முன்பு உடைந்து கட்டப்பட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கத்தி, நீண்ட தடி, அடையாளம் வைக்கக் குச்சிகள், ஒரு கொப்பி, பேனா கொண்டு போங்கள். முதலில் மேலே நடந்து, பிறகு உட்சரிவில், கடைசியாக வெளிப்புற அடியோரத்தில் என்று மூன்று முறை நடக்க வேண்டும். மேலே மட்டும் நடந்து பார்ப்பது பார்த்ததாகாது.

மேலே நடக்கும்போது:
- தாழ்ந்த இடங்கள், மாட்டுத் தடங்கள், உழவு இயந்திரச் சில்லுத் தடங்கள்.
- வெடிப்புகள். கட்டின் நீளப் பக்கமாக ஓடும் வெடிப்பு சரிவு நகர்வதைக் காட்டலாம். குறுக்காக, குளத்துப் பக்கத்திலிருந்து வயல் பக்கமாக ஓடும் வெடிப்பு நீருக்கு நேர்வழி. இரண்டையும் உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள்.
- பழைய பதுங்குகுழிகளும், அவற்றை மேலோட்டமாக மூடிய இடங்களும்.

உட்சரிவில்:
- அலை அரித்துச் செங்குத்தாக நிற்கும் இடங்கள், பெயர்ந்த கற்கள்.
- நீர் மட்டத்தருகே நண்டு வளைகள், உடும்பு வளைகள்.

வெளிப்புற அடியோரத்தில்:
- கோடையிலும் பச்சையாக நிற்கும் புல், கால் புதையும் நிலம். நீர் ஊறி வருகிறது என்பதற்கு இவை அடையாளம்.
- எலி வளை, முள்ளம்பன்றிக் குழி, புற்று. தடியை விட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள். பாம்பு இருக்கலாம், கையை விடாதீர்கள்.
- துருசுக் குழாய் வெளிவரும் இடம். கதவை மூடிய பிறகும் குழாயின் உள்ளே சிறிது நீர் வந்தால் அது கதவின் பழுது. குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி மண்ணிலிருந்து நீர் வந்தால் அது கட்டின் பழுது. உடனே அறிவிக்க வேண்டியது.

ஒவ்வொரு குறையையும் துருசிலிருந்து எத்தனை கவடு தூரம் என்று கொப்பியில் எழுதுங்கள். "மருதமரத்தடியில் ஓட்டை" என்று எழுதினால் அடுத்த ஆண்டு மரம் இல்லாமல் போகலாம்.

தாழ்ந்த இடத்தைக் கண்ணால் மட்டிட முடியாது. மேசன்மார் பாவிக்கும், நீர் நிரப்பிய தெளிந்த பிளாஸ்டிக் குழாயை எடுத்து, வான் மட்டத்திலிருந்து தொடங்கி, 50 கவடுக்கு ஒருமுறை கட்டின் உயரத்தை அளந்து எழுதுங்கள். இரண்டு பேர் அரை நாளில் செய்துவிடக்கூடிய வேலை.

கிராமமே செய்யக்கூடிய திருத்தங்கள்

*மண்ணைத் தெரிவு செய்தல்.* தனி மணல் ஒழுகும். தனிக் களி காய்ந்தால் வெடிக்கும். களியும் கிறவலும் கலந்த மண்ணே நல்லது. ஒரு பிடி ஈர மண்ணை உருட்டிப் பாருங்கள். பென்சில் அளவு திரி உடையாமல் வந்தால் போதிய களி இருக்கிறது. வேர், இலை, குப்பை, மேல்மண் கலக்கக் கூடாது. மண் எடுக்கும் இடத்தைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டுத் தீர்மானியுங்கள். கட்டின் அடியோரத்தில் ஒருபோதும் எடுக்காதீர்கள்.

*வளைகளையும் புற்றுகளையும் அடைத்தல்.* துவாரத்தின் வாயில் மண்ணைத் திணித்து மூடுவதால் பயனில்லை. உள்ளே வெற்றிடம் அப்படியே இருக்கும். துவாரம் முடியும் வரை தோண்டித் திறவுங்கள். பக்கங்களைப் படிபடியாக வெட்டினால் புதிய மண் பழைய மண்ணோடு பிடிக்கும். பிறகு 6 அங்குலத்துக்கு மேற்படாத படைகளாக மண்ணைப் போட்டு, சிறிது நீர் தெளித்து, ஒவ்வொரு படையையும் மரத் திமிசால் நன்றாக இடித்து இறுக்குங்கள். ஓரடி மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் கீழே பொருக்காகவே இருக்கும். பழைய பதுங்குகுழிகளுக்கும் இதே முறைதான். உள்ளே கிடக்கும் மரக்குற்றி, தகரம், மண்மூடை எல்லாவற்றையும் அகற்றிய பின்பே நிரப்ப வேண்டும். குழி பெரிதென்றால் உத்தியோகத்தரின் மேற்பார்வையில் செய்யுங்கள்.

*மரங்கள்.* கட்டில் மரம் நிழலுக்கு நல்லது, கட்டுக்கு நல்லதல்ல. புயலில் சாய்ந்தால் வேரோடு கட்டையும் பெயர்க்கும். பட்டுப்போனால் வேர் உக்கி நீருக்குக் குழாயாகும். கன்றுகளை வேரோடு பிடுங்குங்கள். பெரிய மரத்தை வெட்டிவிட்டு அடிக்குற்றியை அப்படியே விடுவது மரத்தை விட்டு வைப்பதைவிட மோசம். பெரிய மரத்தை என்ன செய்வது என்று உத்தியோகத்தரிடம் கேளுங்கள். குளம் வற்றியிருக்கும் காலத்தில், வேரைத் தோண்டி எடுத்து, மேலே சொன்ன முறையில் நிரப்ப வேண்டும்.

*புல்.* கட்டுக்கு ஏற்ற ஆடை புல்லே. அறுகம்புல் கரணைகளை வெளிச்சரிவில் நெருக்கமாகப் பதியுங்கள். மழையில் மண் கரையாது. புல்லைக் கட்டையாக வெட்டி வைத்தால் வளைகளும் ஒழுக்கும் கண்ணுக்குத் தெரியும். தீ வைத்துத் துப்புரவாக்காதீர்கள். அடுத்த மழையில் வெறும் மண் கழுவுண்டு போகும்.

*தாழ்ந்த இடங்கள்.* மேற்புல்லைச் செதுக்கி, மண்ணைக் கிளறி, படைபடையாக உயர்த்துங்கள். புது மண் அமிழும். ஓரடி உயர்த்தினால் இன்னும் ஓரங்குலத்துக்குச் சற்று மேலாகச் சேர்த்து உயர்த்துங்கள்.

*மாடும் வண்டியும்.* மாடுகள் கட்டைக் கடக்க ஓரிடத்தை ஒதுக்கி, அங்கே கிறவலும் கல்லும் போடுங்கள். ஈரமான காலத்தில் உழவு இயந்திரத்தையும் மணல் ஏற்றிய வாகனத்தையும் கட்டின் மேல் விடாதீர்கள்.

வானைத் தொடாதீர்கள்

இப்பகுதியில்தான் எங்களுக்குக் கூடுதலான கவலை. மார்கழிக் கடைசியில் குளம் வான் பாயும்போது, ஓடிப்போகும் நீரைப் பார்த்து மனம் பொறுக்காது. "இன்னும் ஓரடி தேக்கினால் சிறுபோகத்துக்கும் விதைக்கலாமே" என்று வானில் மண்மூடை அடுக்குகிறார்கள். பல வருடங்களுக்குப் பிறகு முதல் விதைப்பு. கடன் வாங்கி உழுதிருக்கிறார்கள். அந்த ஆசை நியாயமானது. ஆனால் அந்த ஓரடி, பெருமழைக்கென்று விட்டு வைத்த 3 அடியிலிருந்து எடுக்கப்பட்டது. அன்றிரவே மழை கொட்டினால் நீர் கட்டின் மேலால் போகும். ஓரடி நீருக்காக முழுக் குளத்தையும், கீழே உள்ள வீடுகளையும் பணயம் வைக்கிறோம்.

- வானில் மண்மூடை, மரக்குற்றி, பலகை எதையும் வைக்காதீர்கள். மீன் பிடிக்கக் கட்டும் வலையும் தடுப்பும் கூடச் சருகைப் பிடித்து வானை அடைக்கும்.
- வானுக்குக் கீழே நீர் ஓடும் வழியிலுள்ள பற்றைகளை ஆவணிக்குள் வெட்டுங்கள். அந்த வழியில் வீடோ வேலியோ தோட்டமோ போடாதீர்கள். இப்போது வறண்டு கிடக்கிறது என்று நம்பிக் கொட்டில் போட்ட குடும்பங்கள் இருந்தால், மாரிக்கு முன்பே பேசி மாற்று இடம் கேளுங்கள்.
- திருத்திய கட்டை முதல் மாரியில் சோதித்துப் பார்க்க வேண்டும். குளத்தை அரைவாசி, முக்கால்வாசி என்று கட்டங்கட்டமாக நிரம்ப விட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் சில நாட்கள் துருசு மூலம் மட்டத்தை நிறுத்தி, ஒழுக்கு உண்டா என்று பாருங்கள். எவ்வளவு மட்டம் பாதுகாப்பானது என்பதை உத்தியோகத்தர் சொல்வார். அதற்கேற்ப எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முன்கூட்டியே தீர்மானித்தால், பிறகு வானை உயர்த்த வேண்டிய நெருக்கடி வராது.

மழை நாட்களில்

கன மழை பெய்யும் நாட்களில் பகலும் இரவும் இருவர் இருவராகக் கட்டில் முறை வையுங்கள். தனியே யாரையும் அனுப்பாதீர்கள். டோர்ச் லைட், தொலைபேசி, தடி வேண்டும்.

ஒழுக்கைக் கண்டால் பதறவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். ஒரு தெளிந்த போத்தலில் அந்த நீரைப் பிடித்து வையுங்கள். தெளிவாக இருந்து, நேற்றைய அளவே இன்றும் வந்தால், அடையாளம் வைத்து நாளுக்கு இருமுறை பாருங்கள். எல்லா மண் கட்டிலும் சிறிது நீர் கசியும். நீர் கலங்கலாக வந்தாலோ, போத்தலின் அடியில் மண் படிந்தாலோ, அளவு கூடிக்கொண்டு போனாலோ கட்டின் உட்புறம் கரைகிறது என்று பொருள். அப்போது:

1. கமக்காரர் அமைப்பின் தலைவர், கமநல சேவை நிலையம், கிராம அலுவலர் ஆகியோருக்கு உடனே அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.
2. கட்டின் கீழே உள்ள குடும்பங்களை அப்போதே உயரமான இடத்துக்கு அனுப்புங்கள். உறுதியாகும் வரை காத்திருக்க வேண்டாம். கீழ்க்குளத்து ஊருக்கும் சொல்லுங்கள்.
3. துருசைப் படிப்படியாகத் திறந்து நீர் மட்டத்தைக் குறையுங்கள்.
4. நீர் வெளிவரும் வாயைக் களிமண்ணால் அடைக்காதீர்கள். அடைத்தால் நீர் வேறிடத்தில் பீறிடும். வாயின் மேல் முதலில் மணல், அதன் மேல் சிறு கல், அதன் மேல் பெரிய கல் என்று போடுங்கள். நீர் வரும், மண் வராது. அடியோரத்தில் நிலத்திலிருந்து நீர் கொப்பளித்தால் சுற்றிவர மண்மூடைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே நீர் சற்று உயர்ந்து நிற்க விடுங்கள்.
5. குளத்துப் பக்கத்தில் நீர் சுழித்து உள்ளே போகும் இடம் கரையிலிருந்து தெரிந்தால், அங்கே மண்மூடையும் தறப்பாளும் இறக்கலாம். நீருக்குள் யாரும் இறங்கக் கூடாது. சுழி ஆளையும் இழுக்கும்.
6. கட்டு வழுக்கத் தொடங்கினால், அல்லது நீர் மேலால் வழியத் தொடங்கினால், வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் கட்டை விட்டு விலகுங்கள். கட்டை மறுபடி கட்டலாம்.

எச்சரிக்கைக்குக் கோயில் மணி, பள்ளிவாசல் அல்லது தேவாலய ஒலிபெருக்கி எதைப் பாவிப்பது, யார் அடிப்பது, எங்கே கூடுவது என்பதை மழைக்கு முன்பே ஊர்க் கூட்டத்தில் தீர்மானியுங்கள். நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள் எவை என்று ஒரு பட்டியல் இருக்கட்டும்.

ஆண்டு வேலைத் திட்டம்

*வைகாசி முதல் ஆடி வரை:* நீர் குறைந்து வரும் காலம். நடந்து பார்த்து, குறைகளை எழுதி, கமநல சேவை நிலையத்துக்கு எழுத்தில் கொடுங்கள். பெரிய திருத்தங்களுக்கு விண்ணப்பிக்க இதுவே நேரம்.

*ஆவணி, புரட்டாதி:* சிரமதானம். வளைகள், தாழ்ந்த இடங்கள், வான், வாய்க்கால், துருசுக் கதவு. கதவுத் திருகுக்குக் கிறீஸ் பூசி, முழுமையாகத் திறந்து மூடிப் பாருங்கள். சேற்று நீரில் வேலை செய்பவர்கள் காலிலும் கையிலும் உள்ள காயங்களை மூடிக் கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் அவ்வழியாகத்தான் தொற்றுகிறது. வேலை செய்த சில நாட்களில் காய்ச்சல் வந்தால், சேற்றில் இறங்கியதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

*ஐப்பசி முதல் தை வரை:* வாரம் ஒரு முறை கட்டில் நடத்தல்; கன மழையில் நாளுக்கு இருமுறை. ஐம்பது மண்மூடைகளுக்கான உரப்பைகள், கயிறு, தறப்பாள், மண்வெட்டிகள் ஓரிடத்தில் தயாராக இருக்கட்டும்.

*மாசி முதல் சித்திரை வரை:* மாரியில் கண்ட ஒழுக்குகளைக் கொப்பியில் சரிபார்த்து, அடுத்த ஆண்டு வேலைகளை வரிசைப்படுத்துதல்.

யார் பொறுப்பு?

80 ஹெக்டயர், அதாவது ஏறத்தாழ 200 ஏக்கர் வரை பாசனம் செய்யும் குளங்கள் சிறு குளங்கள். இவை கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. அதைவிடப் பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களங்களின் பொறுப்பு. சிறு குளங்களின் நாளாந்தப் பராமரிப்பு, 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்ட கமக்காரர் அமைப்புகளின் கையில் இருக்கிறது. ஆகவே உங்கள் ஊரில் அமைப்பு செயலிழந்திருந்தால் முதல் வேலை அதைப் புதுப்பிப்பதுதான். பழைய நிர்வாகிகள் சிலர் இன்று உயிருடன் இல்லை, சிலர் வெளிநாட்டில். கமநல சேவை நிலையத்துக்குப் போய், புதிய கூட்டம் கூட்ட நாள் கேளுங்கள்.

அமைப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது. அரசர் காலத்தில் குளங்களும் கட்டுகளும் இராசகாரிய முறையில் பேணப்பட்டன. தெல்தோட்டையிலிருந்து கண்டிக்குப் போகும்போது நாம் பார்க்கும் கண்டி வாவியும் வயல் நிலத்தின் குறுக்கே மண்கட்டி, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில் அந்த முறையில்தான் உருவாக்கப்பட்டது. 1832 இல் ஆங்கிலேய அரசு இராசகாரியத்தை ஒழித்தது. கட்டாய உழைப்பு ஒழிந்தது நல்ல காரியம். ஆனால் ஊர்க் குளத்தை யார் பேணுவது என்பதற்கு மாற்று ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை. கிராமக் குளங்கள் பல தூர்ந்தும் உடைந்தும் போயின. 1856 இல் ஊர் வழக்கப்படி நீர்ப்பாசன வேலைகளைப் பகிர்ந்து செய்வதற்கு ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அன்று போர் எதுவும் நடக்கவில்லை. குளங்களை அழித்தது ஆளில்லாமைதான். இடப்பெயர்வு எங்கள் குளங்களுக்குச் செய்ததும் அதையே.

வேலையைப் பகிரும்போது இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். கணவனை இழந்தோ, காணாமல்போன கணவரைத் தேடியோ தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்கள் பலர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். மண் வெட்டும் பங்கை அவர்களிடம் பணமாகக் கேட்பது பெரும் சுமை. கொப்பி எழுதுதல், புல் பதித்தல், மழைமானி பார்த்தல், எச்சரிக்கைப் பட்டியல் பேணுதல் ஆகியவையும் வேலையாகவே கணக்கிடப்பட வேண்டும். பெண்களும் கமக்காரர் அமைப்பில் உறுப்பினராகவும் நிர்வாகியாகவும் வரலாம்.

மற்றது, வயல் இல்லாத குடும்பங்கள். மலையகத்திலிருந்து வந்தோரில் பலர் பிறர் வயலில் கூலி வேலை செய்கிறார்கள். காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ கையில் இல்லை. ஆனால் அவர்கள் கிணற்றிலும் கோடையில் நீர் நிற்பது குளம் நிரம்பியிருப்பதால்தான். கட்டின் கீழே தாழ்ந்த நிலத்தில் வீடு வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. குளம் பற்றிய கூட்டத்தில் அவர்களுக்கும் இடம் கொடுங்கள். ஒழுக்கை முதலில் காணப்போவது அவர்கள் கண்ணாக இருக்கலாம்.

உத்தியோகத்தரை அழைக்க வேண்டியவை

பின்வருவனவற்றை ஊராகத் தனித்துத் திருத்த முயலாதீர்கள்:

- முன்பு உடைந்து திறந்திருக்கும் கட்டு. அதன் இரு முனைகளையும் சரியாக வெட்டி இணைக்காவிட்டால் அதே இடத்தில் மறுபடி உடையும்.
- துருசுக் குழாயை ஒட்டிய ஒழுக்கு, உடைந்த குழாய்.
- கட்டின் குறுக்கே அல்லது நீளப் பக்கமாக ஓடும் வெடிப்பு, வழுக்கிய சரிவு.
- இடிந்த வான் கட்டுமானம்.
- பெரிய மரங்கள், பெரிய பதுங்குகுழிகள்.

கமநல சேவை நிலையத்துக்குப் போகும்போது உங்கள் கொப்பியையும் கொண்டு போங்கள். "எங்கள் குளம் பழுது" என்று சொல்வதைவிட, "துருசிலிருந்து 120 கவடு வடக்கே, வெளிப்புற அடியில் கலங்கல் ஒழுக்கு, கடந்த கார்த்திகையில் தொடங்கியது" என்று எழுதிக் கொடுத்தால் உத்தியோகத்தர் எதைப் பார்க்க வர வேண்டும், என்ன கொண்டு வர வேண்டும் என்பது தெளிவாகும். கடிதத்தின் ஒரு பிரதியில் திகதி முத்திரை பெற்று வைத்துக் கொள்ளுங்கள். கொப்பியை ஒருவர் வீட்டில் மட்டும் வைக்காமல், பிரதி ஒன்றைப் பாடசாலையிலோ கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ வைப்பது நல்லது.